லோர்பாஸின் மேல் ஏறி வந்த ஞாயிறு

வீப்கே ஓல்ட்மன்ஸுக்குக் கோபம் சட்டென்று வராது. வந்துவிட்டால் போகாது. "மறதின்னு ஒண்ண இவளுக்கு வைக்க ஆண்டவனே மறந்துட்டான்" என்று அவளுடைய அம்மா அடிக்கடி சொல்வாள். ஆல்லர் ஆற்றங்கரையில், வெள்ளத் தடுப்பு அணைக்குப் பின்னால் மாடுகளும் குதிரைகளும் மேயும் அந்த ஊரில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. குதிரைச் சவாரிச் சங்கத்தின் தலைவனும் பயிற்சியாளனுமான ஹென்ரிக் ஷ்டோஃபர்ஸுக்கும் தெரியும். தெரிந்தும்தான் அவன் அவளிடம் வாலாட்டினான்.

வீப்கே பால் லாரி ஓட்டுகிறவள். விடிவதற்குள் கிளம்பி, பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றி, மதியத்துக்குள் ஆலையில் இறக்கிவிடுவாள். ஐம்பது தாண்டிய உடம்பு, அகலமான தோள், கல்யாணம் ஒன்று நடந்து, பெரிய சண்டை இல்லாமலேயே முடிந்துபோயிருந்தது. அவளுக்கென்று இருந்த ஒரே சொந்தம் லோர்பாஸ் என்ற குதிரை. அப்பாவின் தொழுவத்தில், அவள் கையிலேயே விழுந்த குட்டி. கரும்பழுப்பு நிறம், இடக்கண்ணுக்கு மேலே, யாரோ சுண்ணாம்புக் கையால் தொட்டதுபோல ஒரு வெள்ளைச் சுழி. பிறந்த அன்றே எழுந்து நின்று அப்பாவின் தொப்பியைக் கடித்து இழுத்தது. "போக்கிரிப் பயலே!" என்றார் அப்பா. லோர்பாஸ் என்றால் போக்கிரி என்றுதான் அர்த்தம். அதுவே பெயராகிவிட்டது.

ஆறு வயதில் லோர்பாஸின் நடையைப் பார்த்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்த வட்டாரத்தில் டிரெஸ்ஸாஜ் எனும் நடைச் சவாரி விளையாட்டு இல்லை, ஏறக்குறைய மதம். சவாரிக்காரர் அசைவதே தெரியக் கூடாது, குதிரை மட்டும் பாட்டுக் கேட்டதுபோல நடக்க வேண்டும். லோர்பாஸ் அதற்கென்றே பிறந்திருந்தது. வீப்கே அப்படிப் பிறக்கவில்லை.

அதை ஹென்ரிக் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஒரு சனிக்கிழமை, சவாரிக் கூடத்தில், மாடத்தில் உட்கார்ந்து சங்கமே காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவன் நடுவில் நின்று கத்தினான்.

"வீப்கே, உருளக்கிழங்கு மூட்டயக்கூட இறுக்கிக் கட்டினா நேரா ஒக்காரும்! உன்ன எதால கட்டுறது?"

மாடம் சிரித்தது. கேக் தட்டுகள் குலுங்கச் சிரித்தது.

"இறங்கு, இறங்கு. தங்கமான குதிரய மரமாக்கிடுவ நீ."

அவள் இறங்கினாள். அந்த வருடம்தான் அப்பா படுக்கையில் விழுந்தார், மாடுகள் போயின, தொழுவம் காலியானது. லோர்பாஸை வைத்துக்கொள்ள இடமும் இல்லை, தெம்பும் இல்லை. ஹென்ரிக் வீட்டுக்கே வந்து கேட்டான். அவனுடைய மகள் ஃபென்யா அப்போது சிறுமி. அவள் வளரும்வரை தானே ஏறுவதாகவும் பிறகு அவளுக்குக் கொடுப்பதாகவும் சொன்னான். வீப்கே ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள்.

"அவனுக்கு வயசாகி, ஓட்டம் முடிஞ்சா, என்கிட்டதான் வரணும். வேற எங்கயும் போகக் கூடாது."

"கை கொடு" என்றான் ஹென்ரிக். கொடுத்தாள். அந்த ஊரில் கை கொடுத்தால் அது கல்லில் வெட்டிய மாதிரி.

பன்னிரண்டு வருடத்துக்கு மேல் லோர்பாஸ் ஹென்ரிக்கின் லாயத்தில் இருந்தது. ஃபென்யா அதன் முதுகில்தான் பெரியவளானாள். மாநிலப் போட்டிகளில் பரிசுகளாக வாங்கிக் குவித்தாள். வீப்கே சங்கத்துக்குச் சந்தா கட்டிக்கொண்டு, போட்டி நாட்களில் வேலியோரம் நின்று பார்ப்பாள். அவள் நீட்டும் ஆப்பிளை லோர்பாஸ் வாங்கிக்கொள்ளும். அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

பிறகு ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில், கேல் கீரையும் தொத்திறைச்சியும் பரிமாறியபின் ஹென்ரிக் எழுந்து கோப்பையைத் தட்டினான். லோர்பாஸுக்கு முதுகு போய்விட்டது, பின்காலில் வீக்கம், இனி யாரும் ஏற முடியாது என்றான். ஹோல்ஷ்டைன் பக்கம், கடலோரம், நண்பர் ஒருவருடைய புல்வெளியில் ஓய்வுக்கு விட்டிருப்பதாகச் சொன்னான். எல்லாரும் கைதட்டினார்கள். ஃபென்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீப்கே கைதட்டவில்லை. வெளியே வாசலில் அவனை மறித்தாள்.

"என்கிட்ட வரணும்னு பேச்சு."

"அட, அதெல்லாம் எந்தக் காலத்துப் பேச்சு! உன்கிட்ட எங்க எடம்? லாரிக்குள்ள கட்டுவியா? அவன் அங்க ராஜா மாதிரி இருக்கான், விடு."

அவள் விட்டாள். குதிரை நன்றாக இருந்தால் சரி என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பின்னாளில் அந்தத் தேறுதலை நினைத்தால்தான் அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட எரியும்.

வசந்தத்தில் ஒருநாள், ஒரு பண்ணையில் அவள் பால் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஓன்னோ வந்து நின்றான். ஊர் ஊராகப் போய்க் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவன். வழக்கமாக வாய் ஓயாதவன், அன்று தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான்.

"வீப்கே, லோர்பாஸுக்கு எந்தக் கண்ணு மேல சுழி?"

"இடது. ஏன்?"

"ஹாலந்து எல்லப் பக்கம் ஒரு வியாபாரி தொழுவத்துக்கு நேத்து லாடம் கழட்டப் போனேன். கழட்டத்தான். அங்கருந்து போற குதிரைங்களுக்கு லாடம் தேவப்படாது." அவன் தரையைப் பார்த்தான். "அங்க ஒருத்தன் நிக்கிறான். இடக்கண்ணு மேல சுழி."

அன்று அந்த வட்டாரத்தின் பால் தாமதமாகத்தான் ஆலைக்குப் போனது. ஓன்னோவோடு, அவன் வண்டியில் குதிரை ஏற்றும் பெட்டியை இணைத்துக்கொண்டு வீப்கே போனாள். கறிக்கடை லாரிக்குக் காத்திருந்த குதிரைகள் ஒரு கொட்டகையில் நெருக்கியடித்து நின்றன. விலா எலும்பு தெரிய, வால் சேறாகி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு லோர்பாஸ் நின்றது. அவள் கூப்பிட்டதும் ஒரு காது மட்டும் திரும்பியது. வியாபாரி கேட்டதைக் கொடுத்து ஓட்டிக்கொண்டு வந்தாள். ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தினார்கள்.

"நேரா ஹென்ரிக் வீட்டு வாசல்ல கொண்டுபோய் எறக்குவோமா? ஊரே பாக்கட்டும்" என்றான் ஓன்னோ.

"வேண்டாம். வியாபாரி தன்ன ஏமாத்திட்டான்னு சொல்லுவான். ரெண்டு நாள் ஊர் பேசும், மூணாம் நாள் மறந்துடும்." அவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அவன் ரெண்டு பொய் சொன்னான், ஓன்னோ. இந்தக் குதிர முடிஞ்சுபோச்சுன்னான். எனக்கு ஏறத் தெரியாதுன்னான். ரெண்டுக்கும் ஒரே பதில் கொடுக்கணும். எல்லார் முன்னாலயும். அவன் மைதானத்துல போட்ட மணல் மேலயே."

ஆற்றுக்கு அக்கரையில் இம்கே ஆலர்ஸ் என்றொருத்தி இருந்தாள். முப்பது சொச்சம் வயது. ஹென்ரிக்கிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தவள். இளங்குதிரைகளை அவன் கடிவாளத்தால் இழுத்துக் கழுத்தை மடக்குவதைத் தட்டிக் கேட்டதால், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே வெளியே அனுப்பப்பட்டவள். இப்போது செருப்புக் கடையில் வேலை. அவளுடைய அக்கா வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஓர் ஓரம் காலியாக இருந்தது.

வீப்கே விஷயத்தைச் சொல்லி முடித்ததும் இம்கே கேட்டது ஒன்றுதான்.

"அவன் முகம் மாறும்போது நான் பக்கத்துல நின்னு பாக்கலாமா?"

"முன்வரிசைல நில்லு."

"அப்ப சரி. கொட்டகை உனக்குத்தான்."

அந்தக் கோடை முழுக்க யாரும் ஏறவில்லை. மருத்துவர் வந்து பார்த்து, மூட்டுத் தேய்மானம் வயதுக்கு உரியதுதான், நடக்க நடக்கத் தளரும், நிறுத்தினால்தான் இறுகும் என்றார். வீப்கே லாரியை நிறுத்திவிட்டு வந்து, லோர்பாஸைக் கையில் பிடித்துக்கொண்டு அணைக்கரை மேல் தினமும் நடந்தாள். விலா மூடியது. மயிர் பளபளத்தது. இலையுதிர் காலத்தில் ஒருநாள் அது அவள் தொப்பியைக் கடித்து இழுத்தது.

"போக்கிரி திரும்பிட்டான். இனிமே உன்னச் சரிபண்ணணும்" என்றாள் இம்கே.

அறுவடை முடிந்த வயலில் வீப்கே முதல்முறை ஏறினாள். இம்கே சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன?"

"நீ குதிர மேல இல்ல, லாரில ஒக்காந்திருக்க. வலது காலு ஆக்சிலேட்டர்ல. இடது தோள் கதவுல சாஞ்சிருக்கு. கை ரெண்டும் ஸ்டீரிங்கப் புடிச்சிருக்கு. ஹாரன் எங்க, அடி பாப்போம்!"

உண்மைதான். இருபது வருட லாரி அவள் உடம்பை வார்த்துவிட்டிருந்தது. வலது இடுப்பு முன்னால் போயிருக்கும், இடது பக்கம் மடிந்திருக்கும், குதிகால் தூக்கிக்கொள்ளும். இளங்குதிரையாக இருந்தால் குழம்பி நின்றுவிடும். லோர்பாஸ் குழம்பவில்லை. அதற்கு எல்லாப் பாடமும் தெரியும். உடம்பு சொல்வதை அட்சரம் பிசகாமல் செய்யும். வீப்கே நேராகப் போக நினைத்தால் அது பக்கவாட்டில் நழுவும், அவள் இடுப்பு அப்படித்தான் சொல்லியிருக்கும். பாய்ச்சலில் போகும்போது அவள் கொஞ்சம் இடப்பக்கம் சரிந்தால், அந்தரத்திலேயே முன்கால் மாற்றி ஓடும். பெரிய போட்டிகளில் செய்கிற வித்தை அது. வேண்டாத இடத்தில் வித்தை காட்டினால் சர்க்கஸ்தான்.

"ஏன் இப்படிப் பண்றான்?" என்று வீப்கே கத்தினாள்.

"நீ சொன்னதத்தான் பண்றான். அவன் கெழவன், வீப்கே. உன் தப்ப மூடி மறைக்கிற வயசெல்லாம் தாண்டிட்டான். எழுத்துப் பிழையோட சொன்னா பிழையோடதான் படிச்சுக் காட்டுவான்."

குளிர்காலம் முழுக்க அங்கவடியில் கால் வைக்காமல் ஏறினாள். தொடை நடுங்கும்வரை. லாரியிலும் பயிற்சி நடந்தது: இருக்கையில், உடம்பு மடிந்த பக்கம் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு, இரண்டு புட்டத்தெலும்பும் சமமாக அழுந்துகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டுவாள். பண்ணைக்காரர்கள், "என்ன வீப்கே, ராணி மாதிரி நிமிந்து ஒக்காந்திருக்க, மூலமா?" என்று கேட்டார்கள். "ஆமா" என்பாள். இரகசியத்துக்காக எதையும் ஒத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

லோர்பாஸுக்கும் நிபந்தனைகள் இருந்தன. எடுத்தவுடன் ஓட்டம் கூடாது. கடிவாளத்தைத் தளர விட்டு நெடுநேரம் நடக்க வேண்டும், முதுகு இளகும்வரை. இளகியதும் தானாகவே பெருமூச்சு விட்டு மூக்கைச் சிந்தும். அதற்குமுன் அவசரப்படுத்தினால் காதைப் பின்னால் சாய்த்துக்கொண்டு கட்டையாகிவிடும். வீப்கே அந்தப் பெருமூச்சுக்குக் காத்திருக்கப் பழகினாள். கொஞ்ச நாளில் அவளும் கூடவே மூச்சு விட ஆரம்பித்தாள்.

எல்லாம் சரியாகி வந்தபோது ஒன்று மட்டும் இடித்தது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் லோர்பாஸ் சில நேரம் திடீரென்று முதுகைக் குழித்து, தலையைத் தூக்கி, நின்றுவிடும்.

"இப்ப ஹென்ரிக்க நெனச்சியா?" என்பாள் இம்கே.

"இல்ல."

"பொய் சொல்லாத. தொட கவ்வுது, தோள் காதுக்கு ஏறுது. எனக்குத் தெரியறது லோர்பாஸுக்குத் தெரியாதா?"

"நெனைக்காம எப்படி? அதுக்காகத்தானே இத்தனையும்."

மதகுருவோ மனநல மருத்துவரோ இருந்திருந்தால், மன்னித்துவிடு, பாரம் இறங்கும் என்று சொல்லியிருப்பார்கள். இம்கே அப்படிப்பட்டவள் இல்லை. மழையில் நனைந்துகொண்டே கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"மன்னிக்கச் சொல்லல. நானே மன்னிக்கல. ஆனா கோவத்த வைக்கற எடத்த மாத்து. தோள்ல வச்சா மேல தூக்கும். தொடைல வச்சா கவ்வும். கீழ எறக்கு, அடிவயித்துக்கு. சேணத்து மேல கல்லு மாதிரி வை. அங்க இருந்தா அது கனம்தான். கனம் நல்லது."

வீப்கே முயன்றாள். ஹென்ரிக்கின் முகத்தை நினைத்தாள். மாடத்துச் சிரிப்பை நினைத்தாள். கொட்டகையில் தொங்கிய தலையை நினைத்தாள். கோபம் பொங்கி மார்புக்கு வந்தபோது, மூச்சை விட்டு அதைக் கீழே அழுத்தினாள். தோள் இறங்கியது. கால் தொங்கியது. லோர்பாஸின் முதுகு அவளுக்குக் கீழே எழுந்து வந்து அவளை ஏந்தியது. துள்ளுநடையில் அவள் முதல்முறையாகக் குலுங்கவில்லை. குதிரையின் அசைவுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

இம்கே தொப்பியைக் கழற்றினாள்.

அன்றிலிருந்து வீப்கே தன் வஞ்சத்தின் மேல் உட்கார்ந்துதான் சவாரி செய்தாள். அது நாளுக்கு நாள் குளிர்ந்து கனத்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது.

சங்கத்தின் ஆண்டுப் போட்டி அறுவடைத் திருநாளை ஒட்டி வரும். உறுப்பினர் யாரும் கலந்துகொள்ளலாம். நுழைவு மேசையில் இருந்த குட்ரூனிடம் வீப்கே போய்ப் பெயர் கொடுத்தாள். சங்கத்தின் கணக்குவழக்கு முழுக்கத் தலையில் சுமந்துகொண்டு, ஹென்ரிக்கிடம் ஒரு நன்றிகூடக் கேட்டிராதவள் குட்ரூன். குதிரையின் பெயரைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"ஹோல்ஷ்டைன்ல இருக்கறவனா?"

"அங்க போனதே இல்ல அவன். போனது கறி வியாபாரிகிட்ட."

குட்ரூன் சீட்டில் பெயரை எழுதிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "மைக்குல படிக்கறவன்கிட்ட நான் கடைசி நிமிஷத்துலதான் சீட்டு கொடுப்பேன். வழக்கமே அப்படித்தான்" என்றாள். மைக்கில் படிக்கிறவன் ஹென்ரிக்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. வெண்ணெய்க் கேக்கும் சுட்ட தொத்திறைச்சியும் காப்பியுமாக மைதானம் மணத்தது. வீப்கே வாகனத்தில் வரவில்லை. அக்கரையிலிருந்து பாலம் ஏறி, அணைக்கரை வழியாக லோர்பாஸின் மேலேயே நடந்து வந்தாள். கிழட்டு முதுகு இளக அதுதான் வழி. பெருமூச்சு பாதிப் பாலத்திலேயே வந்துவிட்டது. இம்கே சைக்கிளில் பின்னால் வந்தாள். மரங்களுக்குப் பின்னால் காத்திருந்து, முறை வந்ததும் நேராக வாயிலுக்குப் போனார்கள்.

அவளுக்கு முன்னால் சவாரி செய்து முடித்தவள் ஃபென்யா. புதிய குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொண்டு சிரித்த முகமாக வெளியே வந்தவள், வாயிலில் எதிரே நின்ற குதிரையைப் பார்த்தாள். சுழியைப் பார்த்தாள். சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. வீப்கே அவளைப் பார்க்காமல் கடந்து உள்ளே போனாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"அடுத்து நம்ம சங்கத்தோட பழைய உறுப்பினர். ரொம்ப நாள் கழிச்சு வர்றாங்க, கைதட்டி உற்சாகப்படுத்துங்க. வீப்கே ஓல்ட்மன்ஸ்! குதிர..."

ஒலிபெருக்கி ரீங்கரித்தது. யாரோ இருமினார்கள்.

"குதிர..."

"படிங்க, நடுவர் காத்திருக்கார்" என்று குட்ரூனின் குரல் மைக்கில் சின்னதாகக் கேட்டது.

"லோர்பாஸ்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு புல்லில் காற்றுபோல ஓடியது. "கடலோரத்துல இருக்கான்னாங்க?" என்றாள் ஒருத்தி. "ஏற முடியாதுன்னானே!" என்றார் இன்னொருவர். வெளியூரிலிருந்து வந்த நடுவருக்கு ஒன்றும் தெரியாது. மணியை அடித்தார்.

வீப்கே உள்ளே வந்து, நடுவில் நிறுத்தி, வணங்கினாள். லோர்பாஸ் நான்கு காலும் சதுரமாக நின்றது. கோபம் அடிவயிற்றில் கல்லாக இருந்தது. மூச்சு விட்டாள். கிளம்பினார்கள்.

கிழட்டுக் குதிரைக்கு மணல் நினைவிருந்தது. தாடை தளர்ந்து, கழுத்து வளைந்து, ஒவ்வொரு மூலையிலும் அவள் நினைப்பதற்கு அரைக் கணம் முன்பே தயாராக இருந்தது. மூலைவிட்டத்தில் பக்கவாட்டு நடை போனபோது வேலியோரம் யாரும் மெல்லவில்லை, குடிக்கவில்லை. பாய்ச்சலின் நீண்ட பக்கத்தில் அறிவிப்புக் கூண்டு எதிரே வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஹென்ரிக் வாயைப் பிளந்துகொண்டு நின்றான், கையில் மைக்கைத் தலைகீழாகப் பிடித்தபடி. வீப்கேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கியது. அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு லோர்பாஸ் அங்கேயே அந்தரத்தில் கால் மாற்றியது.

அழகான மாற்றம். தப்பான இடம். மதிப்பெண் போனது. அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டு மிச்சத்தைப் பிழையில்லாமல் முடித்தாள். நான்காவது இடம் கிடைத்தது. "அமைதியான இருக்கை, ஒரு இடத்தில் தவிர" என்று சொன்ன நடுவர், அந்த இடத்தில் என்ன ஆயிற்று என்று கேட்டார். "சந்தோஷம்" என்றாள் வீப்கே.

மரத்தடியில் சேணத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஹென்ரிக் வந்தான். பின்னாலேயே பாதிச் சங்கமும் வந்து, கொஞ்சம் தள்ளி, கேக் தின்பதுபோல நின்றது.

"வீப்கே, இத நாம தனியாப் பேசலாம்."

"என்ன மூட்டைன்னு திட்டினப்ப தனியா கூப்பிட்டியா?"

"வியாபாரி நல்ல எடத்துல விடறேன்னுதான் சொன்னான். சத்தியமா."

"எந்த எடம்னு கேட்டியா?"

அவன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"கேக்கல. கேட்டா பதில் வந்துடும்னு பயம். அதான் ஹோல்ஷ்டைன்ல ஒரு புல்வெளியப் போட்ட, கடலயும் போட்ட, நண்பரயும் போட்ட. கை கொடுத்தியே ஹென்ரிக், அந்தக் கை எங்க? காட்டு, பாப்போம்."

அவன் தன்னை அறியாமல் கையைப் பின்னால் கொண்டுபோனான். யாரோ சிரித்தார்கள். இந்தமுறை வீப்கேவைப் பார்த்து இல்லை.

ஃபென்யா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் வீப்கேவிடம் பேசவில்லை.

"அப்பா, போய்ப் பாக்கலாம்னு நான் எத்தன தடவ கேட்டேன்? ஒரு தடவ தரை ஈரம்னீங்க. ஒரு தடவ அவன் என்னப் பாத்தா ஏங்கிடுவான்னீங்க. என் பொறந்த நாளுக்கு ஒரு படம் காட்டினீங்களே, தூரத்துல புல்லு மேயற குதிர. அது யாரு குதிர?"

"ஃபென்யா, வீட்டுல போய்..."

"யாரு குதிர அது?"

ஹென்ரிக் சுற்றிலும் பார்த்தான். தட்டைக் கையில் வைத்திருந்த எவரும் அவனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் திரும்பி நடந்தான். காப்பி மேசை, வெற்றி மேடை, வாகனங்கள் என்று அந்த நீளம் முழுக்க எல்லார் கண்ணும் அவன் முதுகில் இருந்தது.

வீப்கே இரண்டு துண்டு வெண்ணெய்க் கேக் தின்றாள். அத்தனை ருசியாக எதையும் தின்றதாக அவளுக்கு நினைவில்லை.

"போதுமா?" என்றாள் இம்கே.

"போதாது."

மிச்சத்தை ஊரே பார்த்துக்கொண்டது. குளிர்காலக் கூட்டத்தில் தலைவர் பதவிக்கு ஹென்ரிக்கின் பெயரை யாரும் முன்மொழியவில்லை. பெற்றோர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை அவன் பயிற்சியிலிருந்து நிறுத்தினார்கள். இம்கேவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். செருப்புக் கடையை விட்டுவிட்டு வந்தாள். ஹென்ரிக் ரொட்டிக் கடைக்குள் வந்தால் பேச்சு நிற்கும். அது வீப்கே இருக்கும் நாளாக இருந்தால் அவள் வேண்டுமென்றே மெதுவாக, ரொட்டி ரொட்டியாகப் பார்த்து வாங்குவாள். அவன் வரிசையில் நிற்கட்டும் என்று.

ஃபென்யா ஒருநாள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். லோர்பாஸைப் பார்க்க வேண்டும் என்றாள்.

"ஹோல்ஷ்டைன்ல இருக்கான், போய்ப் பாரு" என்றாள் வீப்கே.

"எனக்குத் தெரியாது வீப்கே. அப்பா சொன்னத நம்பினேன்."

"இருவத்திரண்டு வயசு உனக்கு. கார் இருக்கு. மூணு மணி நேர வழி. உன்ன முதுகுல தூக்கிட்டுப் போய்ப் பரிசு வாங்கிக் கொடுத்தவன். ஒரு ஞாயித்துக்கிழம கெளம்பிப் போயிருந்தா, அங்க குதிரயே இல்லன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

ஃபென்யா அழுதுகொண்டே போனாள். வீப்கே கதவைச் சாத்தினாள். இம்கே அதைக் கேள்விப்பட்டு, "அந்தப் பொண்ண விட்டுடலாமே" என்றபோது, "நீ விடு" என்றாள்.

ஆனால் ஃபென்யா மறுவாரமும் வந்தாள், அதற்கு மறுவாரமும். அப்பாவின் லாயத்தை விட்டு வெளியேறி நகரத்தில் அறை எடுத்திருந்தாள். நாலாவதோ ஐந்தாவதோ முறை வந்தபோது வீப்கே அவள் கையில் சாணிக் கவையைக் கொடுத்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க ஃபென்யா சாணி வாரினாள். ஏறட்டுமா என்று அவள் கேட்கவில்லை. வீப்கே ஏறச் சொல்லவுமில்லை. அந்த முதுகு இனி ஒருவருக்குத்தான்.

லோர்பாஸ் மேலும் சில வருடங்கள் இருந்தது. வீப்கே அணைக்கரை மேல் அதில் ஏறிப் போவாள். வலது இடுப்பு இப்போது தானாகவே நேராக இருந்தது. கடைசி வருடம் சேணம்கூட வைக்காமல் கூடவே நடந்தாள். ஓர் ஏப்ரல் காலை, மேயும் இடத்திலேயே படுத்தது, எழவில்லை. மருத்துவர் வருவதற்குள் தலையை அவள் மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டது.

ஓன்னோ குழி வெட்ட இயந்திரம் கொண்டுவந்தான். இம்கே காப்பி போட்டாள். ஃபென்யா தொலைபேசியில் யாரிடமோ பேசிவிட்டு, தயங்கித் தயங்கி வீப்கே பக்கத்தில் வந்தாள்.

"அப்பா கேக்கறாரு. வெளிய ரோட்டுலதான் நிக்கறாரு. கடைசியா ஒரு தடவ பாத்துட்டுப் போகட்டுமான்னு."

வீப்கே எழுந்து, வேலிக்கு அப்பால் நின்ற காரைப் பார்த்தாள். கண்ணாடி இறங்கியிருந்தது. உள்ளே இருந்தவனுக்கு முடி முழுக்க வெளுத்திருந்தது.

"வேண்டாம்னு சொல்லு" என்றாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிப் பக்கம் போனாள்.

கார் சிறிது நேரம் நின்றுவிட்டுக் கிளம்பிப் போனது. அந்தப் பதிலுக்காக அவள் பிறகு ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.